ஒரு சுற்றுக்கு நாலு தட்டு

1

இந்தக் கதையை ஒரு புகார் மனுவின் முதுகில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாளைத் திருப்பினால் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’, ‘ஐயா’ எல்லாம் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே ‘மேற்படி மருதையன் என்பவர்’ என்று ஒரு வாக்கியம் கிளம்பி, எங்கள் கார் நின்ற மாதிரியே பாதி வழியில் நின்று கிடக்கும். மனுவைக் கொடுக்கவில்லை. நல்ல கெட்டித் தாள். தாளை வீணாக்குகிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் தலைமுறை தலைமுறையாகப் படித்துவிடவில்லை. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆகவே பின்பக்கத்தில் கதை.

முதலில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். நாலு பக்கம் போனபிறகு படித்துப் பார்த்தால், ஒவ்வொரு வாக்கியத்திலும் நானே ஜெயித்துக்கொண்டிருந்தேன். எனக்கே சகிக்கவில்லை. அதனால் என்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அம்சவல்லி என்று ஒருத்தியை உள்ளே உட்கார வைத்திருக்கிறேன். அவளுக்கு என் வயது, என் பி.எஸ்சி. இயற்பியல், என் கோபம். [வாய் மட்டும் என்னுடையதைவிடக் கொஞ்சம் சின்னது. அது அச்சில் வர வேண்டுமே என்பதற்காகச் செய்த சலுகை.]

2

முதல் தொடக்கம்: காவிரி கரைபுரண்டு —

(விட்டுவிட்டேன். கதை நடப்பது பங்குனியில். தை மாதம் மேட்டூரைப் பூட்டினால் ஆனி வரைக்கும் எங்கள் வாய்க்காலில் ஆடுதான் ஓடும். டெல்டாக்காரி எழுதினால் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

இரண்டாம் தொடக்கம்: ஒரு காலத்தில் அந்த வெள்ளை அம்பாசிடரைத் தூரத்தில் கண்டாலே எங்கள் தெரு ஜனம் சாலையை விட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டை —

(இதையும் விட்டுவிட்டேன். எழுத எழுதக் கை இனித்தது. மிராசு வீட்டுக் காரையே நாங்கள் வாங்கிவிட்டோம் என்றால் கதை தானாக நிமிர்ந்து உட்காரும். ஆனால் பொய். மிராசு வீட்டுக் கார் கறுப்பு. அதைத் தஞ்சாவூர் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கார் ஒரு ரைஸ்மில் கொட்டகையில் மூன்று வருடம் சும்மா கிடந்த கார். முதல்முறை பின்சீட்டைத் தூக்கியபோது அடியில் பதினோரு கோழிமுட்டை இருந்தது.)

மூன்றாம் தொடக்கம்: டப்.

இது இருக்கட்டும்.

3

டப். கொஞ்சம் விட்டு இன்னொரு டப். வேகம் கூடியதும் டப்டப்டப்டப் என்று ஒரே சீராக, காரின் வயிற்றுக்குள் யாரோ உட்கார்ந்து கதவைத் திறக்கச் சொல்கிற மாதிரி.

வலங்கைமானைத் தாண்டியாயிற்று, குடவாசல் இன்னும் வரவில்லை. மணி எட்டே முக்கால். ஸ்டியரிங்கில் அப்பா சாமிதுரை, ரைஸ்மில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பக்கத்தில் அம்மா நீலாம்பாள், மடியில் மஞ்சள் பை, பைக்குள் பட்டா. பின்சீட்டில் அம்சவல்லி, கஞ்சி போட்டுத் தேய்த்த புடவையில், யாராவது தொட்டால் கீறிவிடுகிற விறைப்போடு. பதினோரு மணிக்குத் திருவாரூரில் நில விசாரணை.

விசாரணை இதுதான். நிலவுச்சவரம்புச் சட்டத்தில் மிராசு வீட்டிலிருந்து எடுத்த உபரி நிலத்தில் நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம், நீலாம்பாளின் அப்பாவுக்குச் சர்க்கார் ஒப்படை செய்தது. அந்த நிலத்தில் பிறந்ததிலிருந்து நட்டவர், அறுத்தவர் அவர்தான். ஆனால் பட்டா கைக்கு வந்த அன்றைக்குத்தான் அவர் அந்த வரப்பில் முதல்முறையாக உட்கார்ந்தாராம். அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். இருபத்தைந்து வருடமாகிறது. ஊர்ச் சுவர்களில் சூரியனும் இலையும் மாறி மாறி வந்து போயின. நாலு மா அப்படியே இருந்தது, நீலாம்பாள் பேருக்கு மாறி. இப்போது மிராசு வீட்டு வாரிசு தியாகராசன் மேலே ஒரு மனு அனுப்பியிருக்கிறார்:

‘மேற்படி நீலாம்பாள் குடும்பத்தார் சொந்தமாக மோட்டார் கார் வைத்துக்கொண்டும், மகளைப் பட்டதாரியாக்கியும் வசதியுடன் வாழ்ந்து வருவதோடு, நிலத்தை நேரடியாகச் சாகுபடி செய்யாமல் தரிசாகப் போட்டுள்ளபடியால், ஒப்படையை ரத்து செய்து...’

(காரும் நிலமும் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கக் கூடாது என்று மிராசு வீட்டுக் கறுப்புக் காரைப் பார்த்து யாரும் மனு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வரியை அம்சவல்லி பேசவில்லை. நான் பேசுகிறேன்.)

தரிசு என்பதற்கு அடங்கல்தான் சாட்சி. எந்த வயலில் என்ன பயிர் என்று வருடாவருடம் எழுதுகிற கிராமப் பதிவேடு. அந்த வருடம் சம்பா வெள்ளத்தில் அழுகியது. ஈரம் காய்வதற்குள் நீலாம்பாள் உளுந்தைத் தெளித்துவிட்டாள். வெள்ளத்தை வந்து பார்த்து, நடப்பு வருவாய் ஆண்டான பசலி 1408க்கு ‘தரிசு’ என்று எழுதிக்கொண்டு போனவர், உளுந்தைப் பார்க்கத் திரும்பி வரவில்லை. இன்றைக்கு நீலாம்பாள் நேரில் போய் நின்று, இல்லை, பயிர் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் ஒருதலையாக முடித்துவிடுவோம் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தது.

காலையில் கிளம்பும்போதே வீட்டில் ஒரு சண்டை.

“பஸ்ல போயிருவோம். காருல போயி எறங்குனா அவன் எழுதுனது சரின்னுல்ல ஆயிரும்” என்றார் சாமிதுரை.

“கோழிக்கூண்டா கெடந்தத வண்டியாக்குனது எம் மவ. அத ஏன் ஒளிச்சு வைக்கணும்? எழுதியிருக்கான்ல, பாக்கட்டும்” என்றாள் நீலாம்பாள்.

அதோடு பஸ்ஸும் போய்விட்டது.

டப்டப்டப்டப்.

“வட வாசன வருது” என்றார் சாமிதுரை, மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பி.

“ஒங்களுக்கு எந்நேரமும் வடதான். சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க” என்றாள் நீலாம்பாள்.

[அடிக்குறிப்பு: இந்த வடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்சவல்லி வைத்துக்கொள்ளவில்லை.]

4

“நிறுத்துங்கப்பா” என்றாள் அம்சவல்லி.

ஒரு மதகுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினார்கள். அவள் இறங்கியதும் டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்து நாலு சக்கரத்து நட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். எல்லாம் கல் மாதிரி இறுகியிருந்தன. அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. உண்மையாகவே ஏமாற்றம். ஒன்றாவது தளர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். ஏனென்றால் யார் தளர்த்தியது என்பதை ஊரைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டாள்.

மருதையன். மிராசு வீட்டுக் கறுப்புக் காரை இருபது வருடம் ஓட்டியவர். கார் போனபிறகும் அந்த வீட்டிலேயே எடுபிடியாகத் தங்கிவிட்டவர். இன்றைய விசாரணையில் தியாகராசன் தரப்புச் சாட்சி. நோட்டீஸ் வருகிற வரைக்கும் அம்சவல்லி அவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தபிறகு வெறும் மருதையன். நேற்றுச் சாயங்காலம் கார் தெருவோரம் நின்றபோது அவர் பீடியோடு வந்து, பின்பக்கம் குனிந்து, அடியில் என்னவோ பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

இந்த இடத்தில் எழுதுகிற எனக்கு ஒரு சந்தேகம். முதல் படியில் மருதையனுக்குச் சிவந்த கண்ணும் முறுக்கிய மீசையும் வைத்திருந்தேன். உண்மையில் அவருக்கு மீசையே கிடையாது. கோபத்தோடு ஒரு ஆளை எழுத உட்கார்ந்தால் மீசை தானாக முளைத்துவிடுகிறது. மழித்துவிட்டுத் தொடர்கிறேன்.

அம்சவல்லி பானெட் மேல் தாளை விரித்து மனு எழுத ஆரம்பித்தாள். அனுப்புநர். பெறுநர். ஐயா. மேற்படி மருதையன் என்பவர் —

மேற்படி மருதையன் என்பவர் டிவிஎஸ் 50இல் வந்து நின்றார். வெளுத்த வேட்டி, சட்டைப்பையில் ஒரு பழைய கறுப்புக் கண்ணாடி. அவருக்கும் பதினோரு மணிதான்.

“என்னாக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?”

“சத்தம் போடுது தம்பி” என்றாள் நீலாம்பாள்.

“என்ன சத்தம்னு அவருக்குத் தெரியும்மா” என்றாள் அம்சவல்லி. “நேத்து அடியில குனிஞ்சு என்னத்தக் கழட்டுனாரோ, அதோட சத்தம்.”

மதகுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மருதையன் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

“ஏம்புள்ள, நான் கழட்டணும்னா சத்தம் வராத எடமாப் பாத்துல்ல கழட்டுவேன். இருவது வருசம் இதே மாதிரி அம்பாசிடரத்தான் ஓட்டியிருக்கேன்.”

சாமிதுரை சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாத நேரம் என்று தெரிந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

“பின்ன எதுக்குக் குனிஞ்சீங்க?”

“சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்ப நீயே பாத்துக்க. படிச்சிருக்கல்ல.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். திருவாரூருக்குக் கிளம்பிப் போயிருக்கலாம். காரின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பாதியில் போகிற சுபாவம் அவருக்கு இல்லை.

5

குனிந்து பார்த்தால் தீர்ந்தது, அதற்கு ஏன் இத்தனை என்று கேட்கிறீர்கள். நியாயம். ஆனால் நட்டைக் கழற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்தவள் நட்டைத்தான் பார்ப்பாள். அதுபோக, கஞ்சி போட்ட புடவை. அதுபோக, மருதையன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவள் பாடப்புத்தகத்து முறையில் இறங்கினாள். வலங்கைமான் நூலகத்தில் மோட்டார் ரிப்பேர்ப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் அவள் கையெழுத்துதான் ஒன்பது முறை இருக்கிறது.

“அப்பா, வேகமா போயி எஞ்சின அணச்சுட்டு நியூட்ரல்ல விடுங்க.”

விட்டார். எஞ்சின் செத்தது, சத்தம் சாகவில்லை. டப்டப் என்று காரோடு கூடவே உருண்டு போய், கார் நின்றபோதுதான் நின்றது. ஆக, எஞ்சின் நிரபராதி.

“இனிமே தள்ளணும். பின்டயர்ல ஒரு அடையாளம் வைக்கணும். சாக்பீசு இல்ல.”

நீலாம்பாள் இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, வெற்றிலைக்குத் தடவுகிற மாதிரி விரலால் டயரில் ஒரு கோடு இழுத்தாள்.

“டயரு ஒரு சுத்து வரதுக்குள்ள எத்தன தட்டு கேக்குதுன்னு எண்ணும்மா.”

சாமிதுரை ஸ்டியரிங்கில். தள்ளுவதற்கு அம்சவல்லி ஒருத்தி. அம்பாசிடரைத் தனியாகத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? கார் நகராது, உங்கள் செருப்புதான் பின்னால் நகரும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து டிக்கியில் ஊன்றியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கார் நகர்ந்தது.

மெதுவாகத் தள்ளும்போது டப் இல்லை. ‘சொத்’ என்று மெல்லிய தட்டு. நீலாம்பாள் பின்சக்கரத்தோடு கூடவே குனிந்து நடந்தாள்.

“சுண்ணாம்பு ஒரு சுத்து வந்துருச்சு. தட்டு நாலு.”

“நல்லா எண்ணுனியா?”

“ஏழு வயசுலேருந்து நாத்துமுடி எண்ணுறவடி நான். நாலு. அஞ்சாவது வரலாமான்னு யோசிச்சுது.”

அம்சவல்லி நின்றுவிட்டாள். இந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பரீட்சை முடிவு வந்த நாளில்கூட இப்படி இல்லை. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், எஞ்சினிலிருந்து பின்னால் போகிற நீளமான ஷாஃப்ட் நாலரைச் சுற்று சுற்றும். அது புத்தகத்தில் இருந்தது. அதே கணக்கை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகாத அம்மா, ‘அஞ்சாவது யோசிச்சுது’ என்று பாதிச் சுற்றையும் விடாமல் நடுரோட்டில் சொல்லிவிட்டாள்.

நட்டு தளர்ந்திருந்தால் சுற்றுக்கு ஒரு தட்டு. இது நாலு. ஆக, சத்தம் ஷாஃப்டில். ஆக, நட்டும் நிரபராதி. ஆக —

(இந்த ஆகவை அவள் முடிக்கவில்லை. டிக்கியில் ஊன்றியிருந்த இன்னொரு ஜோடிக் கையை மட்டும் பார்த்தாள்.)

6

சாக்கை விரித்து, புடவையைச் செருகிக்கொண்டு, மல்லாந்து உள்ளே போனாள்.

ஷாஃப்டைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாக ஒரு சடை இருந்தது. உளுந்துச் செடி. தண்டும் கொடியும் நெற்றுமாக முறுக்கி முறுக்கி, தாழம்பூ வைத்துப் பின்னிய கல்யாணச் சடை மாதிரி. அதிலிருந்து வேரோடு ஒரு கொத்து நீட்டிக்கொண்டு, ஷாஃப்டின் சுற்றுக்கு ஒரு தரம் காரின் அடித்தகட்டைத் தட்டியிருக்கிறது. இன்னொரு கொத்து சைலன்ஸர் குழாயில் சாய்ந்து, பழுப்பேறி, நெற்று வெடித்து வறுபட்டுக்கொண்டிருந்தது.

நேற்று நடந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தேன். எங்கள் பக்கம் உளுந்தைப் பிடுங்கியதும் தார்ரோட்டில் பரப்பிவிடுவோம். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். எங்கள் ஊர் ரோட்டில் பஸ் இரண்டே தடவை. மறுநாள் எல்லோரும் விசாரணைக்குப் போயாக வேண்டும்; உளுந்து ரோட்டில் காவலில்லாமல் கிடக்கக் கூடாது. ஆகவே அம்சவல்லியே காரை எடுத்து, அந்த நாலு மா உளுந்தின் மேல் முன்னும் பின்னுமாக முப்பது தடவை ஓட்டினாள். ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். அவ்வளவு பெருமை.

காருக்கு அடியிலிருந்து சிரிப்பு கேட்டது. வெளியே நின்றவர்களுக்குக் கார் சிரிப்பதுபோல் இருந்திருக்கும்.

“என்னாச்சு புள்ளைக்கு?” என்றார் சாமிதுரை.

“வடதாம்ப்பா.”

மருதையன் குனிந்து எட்டிப் பார்த்தார். “நேத்தே சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. சொல்லலாம்னுதான் குனிஞ்சேன். நிமிந்தா, நீ பாத்த பார்வையில கையில இருந்த பீடியே அணஞ்சு போச்சு.”

அப்புறம் அடியிலிருந்து ஒரு கை நீண்டது. “மாமா, டிக்கியில அருவா கெடக்கும். எடுத்துக் குடுங்க.”

அந்த மாமா தானாக வந்துவிட்டது. திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை.

[மன்னிப்பு கேட்டாளா என்று தேடாதீர்கள். அதுதான் மன்னிப்பு. எங்கள் தெருவில் இதைவிடப் பெரிய சைஸில் கிடைக்காது.]

அரிவாளை வைத்து அவள் அறுக்கப் போனபோது நீலாம்பாள் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

“அறுக்காதடி.”

“ஏம்மா?”

“தரிசுன்னுதான எழுதியிருக்கான்? தரிசுலேருந்தா இது வந்து சுத்திக்கிச்சு? அப்படியே இருக்கட்டும். காரு வச்சிருக்கேன்னு எழுதுனவன், காருக்கு அடியில என்னா வச்சிருக்கேன்னும் பாக்கட்டும்.”

“தீப்புடிச்சுரும்மா.”

“சூடு படுறத மட்டும் எடு.”

சைலன்ஸர் பக்கத்துக் கொத்தை மட்டும் அறுத்தார்கள். கை எட்டாத இடத்தில் மருதையன் இந்தப் பக்கமிருந்து இழுத்துக் கொடுத்தார். வெளுத்த வேட்டியில் கிரீஸ் படக் கூடாதென்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தபோதுதான், தான் யார் தரப்புச் சாட்சி என்பது அவருக்கு நினைவு வந்தது.

“யக்கா, இத நான் பாக்கல.”

“பாத்துட்டியே தம்பி” என்றாள் நீலாம்பாள்.

மருதையன் டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

7

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, டப்டப்டப்டப் என்று ஊர்வலம் மாதிரி அவர்கள் அலுவலக வாசலுக்குள் நுழைந்தார்கள். மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் பேனாவை நிறுத்தினார்கள். விசாரணை அதிகாரி என்ன சத்தம் என்று பார்க்க வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

“ஐயா, நாந்தான் நீலாம்பாள்” என்றாள் அம்மா. “எம் பயிர அடங்கல்ல காணோமாம். இங்க இருக்கு. குனிஞ்சு பாருங்க.”

அதிகாரி காரைப் பார்த்தார், பட்டாவைப் பார்த்தார், அம்சவல்லியின் புடவையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முழங்காலை ஊன்றிக் குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு நெற்று இருந்தது. அதை உரித்து, நாலைந்து மணியை உள்ளங்கையில் உருட்டினார்.

“என்ன ரகம்?”

“ஆடுதுறை மூணு.”

“மணி நல்லாருக்கே.”

குமாஸ்தா எழுதிக்கொண்டார்: ‘வாகனத்தின் அடிப்பாகத்தில் உளுந்துச் செடிகள் சுற்றப்பட்டிருக்கக் காணப்பட்டது.’ சர்க்கார் காகிதத்தில் இதைவிட அழகான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

தியாகராசனின் வக்கீல் சும்மா இருப்பாரா? “சார், இது எந்த வயல் உளுந்துன்னு என்ன நிச்சயம்? வர்ற வழியில ரோட்டுல யாரோ காயப்போட்டதுல ஏறி வந்திருப்பாங்க.”

சரியான கேள்வி. அம்சவல்லிக்கே அது தோன்றவில்லை. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். “அந்த ஊர்க்காரங்க வேற யாராவது இருக்கீங்களா?”

தியாகராசனுக்குப் பின்னால் நின்ற மருதையனை எல்லோரும் பார்த்தார்கள். நாலு மா உளுந்தும் வண்டியில் ரோட்டுக்கு வந்ததையும், அம்சவல்லி முப்பது தடவை ஓட்டியதையும் பீடியோடு நின்று முழுக்கப் பார்த்த ஒரே ஆள். இருபது வருடம் அந்த வீட்டுச் சோறு. இன்று காலை நடுரோட்டில் இந்த வீட்டுப் பெண் கொடுத்த பட்டம்.

“நீங்க சொல்லுங்க. இது யாரு உளுந்து?”

மருதையன் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் இருந்தது. வாயைத் திறந்தார்.

8

இதற்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அவர் உண்மையைச் சொல்கிறார், அம்மா அழுகிறாள் — (அம்மா அழமாட்டாள். அடித்துவிட்டேன்.)

அவர் பொய் சொல்கிறார், அம்சவல்லி சீறுகிறாள் — (எழுதும்போதே மீசை முளைக்க ஆரம்பித்தது. அடித்துவிட்டேன்.)

அவர் பாக்கலை என்கிறார், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு — (இது நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். கிரீஸ் படிந்த புடவையோடு நான் அங்கேதான் நின்றேன். சொல்லமாட்டேன். வம்புக்காக இல்லை. அன்று காலை அந்த ஆளுக்காக ஒரு வாக்கியத்தை, அவரைக் கேட்காமல், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் முடித்து வைக்கப் பார்த்தேன். சுற்றுக்கு நாலு தட்டு என்று அம்மா எண்ணியிராவிட்டால் முடித்தும் இருப்பேன். ஒரே ஆளுக்கு இரண்டு தரம் அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. கார் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. ஷாஃப்டிலிருந்து அறுத்ததில் ஒரு படி உளுந்து தேறியது. அரைத்துச் சுட்டாயிற்று, மருதையன் வீட்டுக்கும் போயிற்று. அதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. அம்மா யாருக்கும் வடை கொடுப்பாள்.

நீங்கள் அவரோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். மதகில் உட்கார்ந்ததைப் பார்த்தீர்கள், கார் தள்ளியதைப் பார்த்தீர்கள். பேனா இருந்தால் எடுங்கள். தாளைத் திருப்புங்கள். அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை:

மேற்படி மருதையன் என்பவர்